வன்னியில் இருந்து ஒரு குடும்ப நாவல்: முதன்முதலாக எழுத வருகிறவர்களுக்கு

குடும்ப ரகசியம், காதல், துரோகம் எல்லாம் கலந்த ஒரு நாவல் எழுத வேணும் என்ற ஆசையோடு இருக்கிற பெண்கள் இலங்கையின் வடக்கே வன்னியில், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் நிறையப் பேர். அநேகமானோர் போனில் தொடர்கதை வாசித்தே எழுத்துக்குள் வந்தவர்கள். அதனால் எழுத உட்கார்ந்ததும் கதை தானாகவே சென்னையில் ஒரு பங்களாவுக்குள் போய்விடுகிறது. கதாநாயகன் கம்பனி முதலாளி, மாமியார் பட்டுச்சேலை கட்டிய கொடுமைக்காரி, ரகசியம் ஒரு பூட்டிய அறைக்குள். அப்படிக் கதைகளை நானும் விரும்பி வாசிக்கிறேன். ஆனால் விசுவமடுவில் இருந்து எழுதுகிற ஒருத்திக்கு அந்தப் பங்களாவின் குசினி எந்தப் பக்கம் என்று தெரியாது, அங்கே காலையில் முதலில் எழும்புகிறவர் யார் என்று தெரியாது, அந்தத் தெரியாமை மூன்றாம் அத்தியாயத்திலேயே வாசகருக்குப் பிடிபட்டுவிடும். உங்களுக்குத் தெரிந்த வீட்டிலேயே கதை இருக்கிறது. அதை எப்படி எடுப்பது என்று ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதற்படி: ரகசியத்தைக் காக்கிறவளைப் பிடியுங்கள்

எல்லோரும் ரகசியத்தில் இருந்துதான் தொடங்குகிறார்கள். "தங்கச்சி என்று நினைத்தவள் உண்மையில் மகள்" என்று ஒரு வரி கிடைத்ததும் கதை கிடைத்துவிட்டது என்று நினைப்பு. அந்த வரி ஒரே ஒரு அத்தியாயத்துக்குத்தான் காணும். மிச்ச அத்தியாயங்களை எல்லாம் ஓட்டப்போகிறவள், அந்த உண்மையைப் பதினைந்து வருஷம் வாய்க்குள் வைத்துக்கொண்டு, காலையில் எழும்பித் தேத்தண்ணி வைத்து, கோழிக்குத் தீன் போட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பி, சீட்டுக்காசு கட்டி, யார் எந்தக் கேள்வி கேட்டாலும் முகம் மாறாமல் பதில் சொல்லி வருகிற பெண். அவள்தான் உங்கள் நாயகி. ரகசியத்தைக் கண்டுபிடிக்கிறவளை நாயகியாக்கினால் அது துப்பறியும் கதையாகப் போய்விடும்.

வன்னிக் குடும்பங்களில் ரகசியம் உண்டான விதத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 2008இலும் 2009இன் தொடக்கத்திலும் இயக்கம் (விடுதலைப் புலிகள்) பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகும் என்ற பயத்தில் பதினாறு, பதினேழு வயதில் அவசரமாகக் கட்டிவைத்த கல்யாணங்கள் எத்தனை. பதிவும் இல்லை, படமும் இல்லை. சண்டை முடிந்த பிறகு இருவரும் இரண்டு திசை. இன்று அவளுக்கு வேறு கணவன், வேறு பிள்ளைகள், முதல் கல்யாணம் அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஷெல் விழுந்த இடத்தில் தாய் தகப்பன் இரண்டு பேரையும் இழந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, தன் பிள்ளை என்று முகாமில் பதிந்து வளர்த்த பெண் இருப்பாள். முன்பு இயக்கத்தில் இருந்ததைப் புகுந்த வீட்டாருக்குச் சொல்லாதவள் இருப்பாள். மாதாமாதம் காசு அனுப்புகிற கணவனுக்கு வெளிநாட்டில் இன்னொரு குடும்பம் இருப்பதை அறிந்தும், பிள்ளைகளின் படிப்பு முடியட்டும் என்று வாய் திறக்காதவள் இருப்பாள். நுண்கடன் எடுத்து அதை அடைக்க இன்னொன்று எடுத்து, கிழமைக்கொரு தரம் காசு வாங்க வருகிற ஆளைப் படலையடியிலேயே மறித்து அனுப்புகிறவளும் அந்த வரிசைதான்.

இவற்றில் ஒன்றுகூடக் கெட்ட எண்ணத்தில் பிறந்தது இல்லை. யாரையோ காப்பாற்றத்தான் மறைத்தார்கள். மறைத்தது நாளாக நாளாக இன்னொருவருக்குத் துரோகமாக மாறியது. வன்னியில் இருந்து எழுதப்படுகிற குடும்ப நாவலுக்கு இதைவிடப் பெரிய பொருள் வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஆகவே முதலில் ஒரு கொப்பியில் இரண்டு கேள்விக்கு விடை எழுதுங்கள்: அவள் யாரைக் காப்பாற்ற மறைத்தாள்? அதனால் தினமும் அவள் எதை இழக்கிறாள்? இரண்டாவது கேள்விக்கு "நிம்மதி" என்று எழுதினால் காணாது. கோயில் திருவிழாவுக்குப் போக முடியவில்லை, அக்காவின் முகம் பார்த்துக் கதைக்க முடியவில்லை, போனைப் பிள்ளையிடம் கொடுக்க முடியவில்லை என்று கையில் பிடிக்கக்கூடியதாக எழுத வேணும்.

விளங்குவதற்கு ஒரு கற்பனைக் குடும்பத்தைக் கடைசிவரை கூட்டிக்கொண்டு போவோம். தருமபுரத்தில் ஒரு வீடு. மாமி, மருமகள், பேத்தி. மகன் 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் காணாமல் போனவன். அப்போது மருமகளுக்கு இருபத்திரண்டு வயது, பிள்ளைக்கு ஒன்று. மாமி மகன் உயிரோடு இருக்கிறான் என்று நம்புகிறா. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டம் தொடங்கிய நாளில் இருந்து மகனின் படத்தோடு அங்கே போய் இருக்கிறா. மருமகள் ஒரு வருஷம் கழித்து, ஒருவருக்கும் சொல்லாமல், கணவனுக்கு மரணச் சான்றிதழ் எடுத்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். ரகசியம் இவ்வளவுதான். சத்தமே இல்லாத ரகசியம், ஆனால் அந்த வீட்டை அடியோடு பெயர்க்கக்கூடியது.

இரண்டாம் படி: ஆண்டுக்கணக்கு

இதைத் தவிர்க்கவே முடியாது. வன்னிக் கதையில் ஆண்டு பிழைத்தால் எல்லாம் பிழைக்கும், ஏனென்றால் உங்கள் வாசகர் அந்த ஆண்டுகளை உடம்பால் அறிந்தவர். ஒரு தாளில் இடப்பக்கம் நாட்டின் ஆண்டுகள், வலப்பக்கம் உங்கள் பாத்திரங்களின் வயது. 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாண இடப்பெயர்வு. வன்னிக்கு வந்து ஒட்டிக்கொண்ட குடும்பங்கள் பல. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை, ஏப்ரலில் யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கிற ஏ-9 வீதி திறப்பு. 2004 டிசம்பர் 26 சுனாமி, முல்லைத்தீவுக் கரையை அள்ளிக்கொண்டு போனது. 2006 ஓகஸ்ட்டில் ஏ-9 மறுபடி மூடப்பட்டது. 2009 ஜனவரி 2 கிளிநொச்சி விழுந்தது, மே மாதம் போர் முடிந்தது. இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பர் வரை இருந்தது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் வந்தது.

இந்தத் தாளை வைத்துக்கொண்டு பார்த்தால் எது நடந்திருக்க முடியாது என்பதும் தெரியும். 2007இல் கிளிநொச்சியில் இருக்கிற நாயகி கொழும்பில் இருக்கிற காதலனுக்குக் கைத்தொலைபேசியில் குறுஞ்செய்தி அனுப்ப முடியாது. பாதை மூடியிருந்த காலத்தில் கணவன் அந்தப் பக்கமும் மனைவி இந்தப் பக்கமும் மாட்டுப்பட்டுக் கிடந்த குடும்பங்கள் இருந்தன. கடிதம் போய்ச் சேருமா என்பதே கேள்வி. அந்த இடைவெளிக்குள் என்ன நடந்தது என்று இருவரும் பிற்காலத்தில் ஒருவரையொருவர் கேட்காமல் வாழ்ந்தால் அதுவே ஒரு நாவல்.

மூன்றாம் படி: பத்திரங்களைப் படியுங்கள்

பழைய நாவல்களில் ரகசியம் டயரியிலும் காதல் கடிதத்திலும் வெளிவரும். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்த வீட்டில் டயரி மிஞ்சியிருக்காது. மிஞ்சியது ஷொப்பிங் பைக்குள் சுற்றி, தறப்பாளுக்குக் கீழே, உடம்போடு கட்டிக்கொண்டு வந்த பத்திரங்கள். எங்கள் ரகசியங்கள் பிரதேச செயலகத்திலும் பதிவாளர் கந்தோரிலும்தான் உடையும். ஆகையால் சில சட்ட விபரங்கள் எழுத்தாளருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேணும்.

காணாமல் போனவர் விடயத்தில் இரண்டு பத்திரம் உண்டு. 2010ஆம் ஆண்டின் இறப்புப் பதிவு தற்காலிக ஏற்பாடுகள் சட்டம், போர்க்காலத்தில் காணாமல் போய் ஒரு வருஷத்துக்கு மேலானவருக்கு இறப்பைப் பதிய வழிவிட்டது. 2016இல் அதைத் திருத்தி, இறந்ததாக ஒத்துக்கொள்ளாமலே பெறக்கூடிய காணாமைச் சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். எங்கள் மருமகள் இரண்டாவதை எடுத்திருந்தால் மாமியிடம் சொல்லியிருக்கலாம். அவள் முதலாவதை எடுத்தாள். ஏன்? மறுபடி பதிவுத் திருமணம் செய்வதென்றால் முதல் கணவனின் மரணச் சான்றிதழ் வேணும். கதையின் காதல் முழுக்க அந்த ஒரு தெரிவுக்குள் இருக்கிறது, நீங்கள் ஒரு வசனம்கூட எழுத முதலே.

காணி இன்னொரு சுரங்கம். வன்னியில் குடியேற்றத் திட்டங்களில் கிடைத்த காணிகள் பலவும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் உள்ளவை. சொந்த உறுதிப்பத்திரம் உள்ள காணி மாதிரி நினைத்தபடி பிரித்து எழுத முடியாது. தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று, பின்னுரித்தாளராக ஒருவரைப் பெயர் குறிக்கலாம். பெயர் குறிக்காமல் இறந்தால் மூலச் சட்டத்தின் வரிசையில் ஆண்பிள்ளை பெண்பிள்ளைக்கு முன்னால் நின்றான். நான்கு பிள்ளைகள், ஒரு பெயர். அந்தப் பெயர் யாருடையது என்பது அப்பா செத்த பிறகு ஒரு காணி உத்தியோகத்தரின் மேசையில் தெரியவருகிறது என்றால், அங்கே வில்லன் தேவையா? சீதனக் காணி வேறு. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த, வடக்குத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையின் வழியில் அது பெண்ணின் சொந்தம், ஆனால் கட்டியவனின் ஒப்புதல் இல்லாமல் அவளால் விற்க முடியாது. விட்டுவிட்டு ஓடிப்போன கணவனைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டிய பெண்ணை யோசித்துப் பாருங்கள். அவன் இருக்கிற வீட்டின் படலையைத் தட்டும்போது கதவைத் திறப்பவள் யார்?

விவாகரத்தையும் லேசாக எழுதிவிட்டுப் போகாதீர்கள். எங்கள் பொதுச் சட்டத்தில் மணவாழ்வில் பிறர்தொடர்பு, தீய எண்ணத்தோடு கைவிட்டுச் செல்லல், மணமுடித்த வேளையிலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு என்று காரணங்கள் மிகக் குறைவு. "எங்களுக்குள் ஒத்துவரவில்லை" என்று சொல்லி வெளியே வர முடியாது. ஒருவர் மீது குற்றம் நிறுவ வேணும். எனவே மணமுறிவு என்றால் யாரோ ஒருவரின் ரகசியம் நீதிமன்றத்தில் வாசிக்கப்படும். தெரிந்த சட்டத்தரணி யாரும் இருந்தால் அரை மணித்தியாலம் கதைத்துக் குறிப்பெடுங்கள். கிராம சேவையாளரிடமும் கேளுங்கள். எந்தப் படிவத்துக்கு எந்தக் கையெழுத்து என்று அவருக்கு நித்திரையிலும் தெரியும்.

நான்காம் படி: யாருக்கு எவ்வளவு தெரியும்

ஒவ்வொரு பாத்திரத்தின் பெயருக்கும் நேரே, என்ன தெரியும், தெரிந்தது மற்றவருக்குத் தெரியுமா என்று எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். இதை எழுதும்போதுதான் நாவலின் திருப்பங்கள் தானாக வரும், தலையைப் பிய்க்கத் தேவையில்லை.

எங்கள் கதையில் பேத்திக்குப் பதினைந்து முடிந்துவிட்டது, அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கப் பள்ளிக்கூடத்தில் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். தாய் வயலுக்குப் போயிருக்கும் நேரம் பெட்டியைத் திறக்கிறாள். பிறப்புச் சான்றிதழுக்குக் கீழே தகப்பனின் மரணச் சான்றிதழ். அவள் என்ன செய்கிறாள்? புதிதாக எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் அவளை அழுதுகொண்டு அப்பம்மாவிடம் ஓடவிடுவார்கள், கதை அங்கேயே முடிந்துவிடும். ஓடவிடாதீர்கள். அவள் பெட்டியைப் பூட்டித் திறப்பை இருந்த இடத்திலேயே வைக்கட்டும். இப்போது காப்பவள் இரண்டு பேர். ரகசியம் வெடிப்பதற்கு முன்னால் கை மாற வேணும். ஒவ்வொரு கை மாறும்போதும் அதன் பாரம் கூட வேணும்.

இன்னும் ஒன்று: மாமிக்கும் தெரியும் என்று வைத்துப் பாருங்கள். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை செய்கிற ஒன்றுவிட்ட சொந்தக்காரப் பெண் ஒருத்தி அந்தச் சான்றிதழ் எடுத்த மாதமே மாமியின் காதில் போட்டுவிட்டாள். கேட்டால் மருமகள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்ற பயத்தில் மாமி ஐந்து வருஷமாகக் கேட்கவில்லை. படத்தைத் தூக்கிக்கொண்டு போராட்டத்துக்குப் போகிற ஒவ்வொரு நாளும் வீட்டில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே போகிறா. ஒரு கூரைக்குக் கீழே மூன்று பேர், ஒரே ரகசியம், மற்றவருக்கு எவ்வளவு தெரியும் என்று ஒருவருக்கும் முழுக்கத் தெரியாது. உங்களுக்கு இதற்கு மேல் கொலையோ விபத்தோ ஞாபகமறதியோ தேவைப்படாது.

ஐந்தாம் படி: இடமும் பருவமும்

"அழகிய கிராமம்" என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. வன்னியில் பருவம் என்றால் காசு. ஒக்ரோபர், நவம்பரில் காலபோக (மாரிமழை நெல்) விதைப்பு, அப்போது எல்லோர் கையிலும் கடன். மாசி, பங்குனியில் வெட்டு, அப்போது காசு, கல்யாணம், பழைய கடன் அடைப்பு, புதுச் சண்டை. அதற்குப் பிறகு வருகிற சிறுபோகத்துக்கு எவ்வளவு தண்ணி, யாருக்கு எத்தனை ஏக்கர் என்பது குளத்து நீரைப் பொறுத்தது. இரணைமடுக் குளத்தை நம்பி இருக்கிற குடும்பத்துக்கும் முல்லைத்தீவில் கரைவலையை நம்பி இருக்கிற குடும்பத்துக்கும் மாதங்களே வேறு. அவள் எந்த மாதத்தில் வீட்டைவிட்டுப் போக முடிவெடுக்கிறாள் என்பதை இந்தக் கணக்கோடு எழுதுங்கள். கையில் ஐந்து சதம் இல்லாத கார்த்திகையில் ஒரு பெண் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட மாட்டாள்.

சந்திப்புகளுக்கும் அப்படியே. ஏ-9 வழியே போகிற பஸ் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும். எல்லோரும் இறங்கிக் கும்பிட்டு, கச்சான் வாங்கி, திரும்ப ஏற ஒரு பத்து நிமிஷம். இரண்டு பஸ்ஸில் வந்த இரண்டு பேர் பதினான்கு வருஷத்துக்குப் பிறகு அங்கே நேருக்கு நேர் பார்த்தால், அந்தப் பத்து நிமிஷத்துக்குள் என்ன கதைக்க முடியும், கொண்டக்டர் கூப்பிடும்போது எதைக் கதைக்காமல் விட்டார்கள்? நேரம் கட்டுப்பட்டிருப்பதால் காட்சி தானே இறுகும். வேலையிடங்களையும் பயன்படுத்துங்கள்: விடியப்புறம் பெண்களை ஏற்றிப்போகிற ஆடைத்தொழிற்சாலை பஸ், கண்ணிவெடி அகற்றும் பெண்களின் வெயில், முன்பள்ளி ஆசிரியையின் சம்பளம். இவை பற்றி எழுதியவர்கள் இன்னும் சிலரே.

ஆறாம் படி: காதல்

கிராமத்தில் காதல் கண்களுக்கு நடுவில்தான் நடக்கும். ஆண்துணை இல்லாத வீட்டின் படலையில் யாருடைய மோட்டார் சைக்கிள் எத்தனை நிமிஷம் நின்றது என்று ஊருக்குக் கணக்குத் தெரியும். அந்தக் கண்களுக்குப் பயந்தே காதல் வளரட்டும். எங்கள் மருமகளின் ஆள் ஒவ்வொரு மாசியிலும் அறுவடை மெசினோடு வருகிற சாரதி என்று வைப்போம். வருஷத்தில் மூன்று கிழமை. மிச்ச மாதங்கள் எல்லாம் மிஸ்கோலும் வட்ஸ்அப்பில் வருகிற வயல் படமும். அவன் முதல் வருஷம் கேட்டது, "அக்கா, குடிக்கத் தண்ணி இருக்கோ?" மூன்றாம் வருஷம் "அக்கா" நின்றுவிட்டது, வேறு பெயரும் வரவில்லை. அந்த இடத்தில் வாசிக்கிற பெண்ணுக்கு நெஞ்சு அடிக்கும், கட்டிப்பிடிக்கிற காட்சி வைத்துத்தான் அது வரவேணும் என்றில்லை.

சாதியை மறைக்காதீர்கள். எங்கள் காதல்களை உடைத்தவற்றில் பாதி அதுதான். 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளைப் பெண் கேட்டு வந்த இடத்தில் என்ன சொல்லித் தட்டிக்கழித்தார்கள் என்று உங்கள் ஊரிலேயே தெரியும். அதை எழுதாமல் வன்னியில் காதல் கதை எழுதுவது, கிணற்றை விட்டுவிட்டு வளவைப் படம் கீறுவது போல.

ஏழாம் படி: துரோகமும் வெளிப்படலும்

துரோகம் செய்தவரின் பக்க நியாயத்தை ஒரு அத்தியாயம் முழுக்க, அவரே நம்புகிற விதத்தில் எழுதிப் பாருங்கள். நாவலில் சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை. எழுத முடியவில்லை என்றால் அந்தப் பாத்திரம் இன்னும் பொம்மைதான். மருமகள் மாமிக்குத் துரோகம் செய்தாளா? மகனுக்காக அவளுடைய இளமையைப் பூட்டிவைத்த மாமி அவளுக்குத் துரோகம் செய்தாவா? நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இருவருக்கும் வாசகரை அழ வைத்தால் உங்கள் வேலை முடிந்தது.

முடிவைக் கடைசிவரை ஒளித்துவைக்க வேணும் என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். முல்லைத்தீவில் கோவலன் கூத்து ஆடுகிற மண் இது. கோவலன் சிலம்போடு போய்த் திரும்பி வரமாட்டான் என்று முன்னால் இருக்கிற குழந்தைக்கும் தெரியும், தெரிந்துகொண்டும் இரவிரவாக இருந்து பார்க்கிறார்கள். வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்குத் திரள்கிற பெண்கள் கும்பிடுவது கணவன் இன்னொருத்தியிடம் போனதைத் தாங்கி, அவன் கொலையானபோது ஊரையே எரித்த பெண்ணை. துரோகக் கதையைக் கேட்கும் பொறுமை எங்கள் சனத்துக்கு உண்டு. ஆகவே பெரிய உண்மையைப் பாதிக்கு முன்னரே வாசகருக்குச் சொல்லிவிடுங்கள். அது எப்போது யார் தலையில் விழும் என்ற காத்திருப்பு, திடீர் அதிர்ச்சியைவிட நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும்.

வெளிப்படும் காட்சியைக் கல்யாண மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் வைக்காதீர்கள். கையில் வேலை இருக்கட்டும். அரிசி புடைத்துக்கொண்டோ, மிளகாய் காயவைத்துக்கொண்டோ. உரையாடலில் சொல்ல வந்ததைச் சொல்லாமல் பக்கத்தால் போகட்டும்:

"ஏன் பிள்ளை பெட்டியைப் பூட்டி வைக்கிறாய்?"

"எலி மாமி. சீலையெல்லாம் கடிச்சுப்போடுது."

"எலி கடுதாசியைத்தான் முதல் கடிக்கும்."

மாமிக்குத் தெரியும் என்பது இந்த மூன்றாவது வரியில் மருமகளுக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு பக்கத்துக்கு ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை என்றாலும் காட்சி எரிந்துகொண்டிருக்கும். சொல்லிவைக்க வேண்டியது: கதை சொல்கிற பகுதி எழுத்துத் தமிழில் இருக்கட்டும், வாய்ப்பேச்சு எங்கள் பேச்சில் இருக்கட்டும். தமிழ்நாட்டு வாசகருக்கு விளங்காது என்று பயந்து "சாப்டியா"வுக்கு மாற வேண்டாம். அப்பம்மாவும் அம்மம்மாவும் வேறு வேறு ஆட்கள், இரண்டையும் "பாட்டி" ஆக்கினால் யார் பக்கத்துச் சொந்தம் என்பதே போய்விடும். சூழலில் வைத்துச் சொன்னால் யாருக்கும் விளங்கும்.

எட்டாம் படி: உண்மை மனிதர்

இதைக் கவனமாக வாசியுங்கள். சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பக்கத்து வீட்டு அக்காவின் வாழ்க்கையில் பெயரை மட்டும் மாற்றி எழுதினால் மூன்றாம் நாள் ஊரே அவளைத்தான் பார்க்கும். தொழில், ஊர், பிள்ளைகளின் எண்ணிக்கை, ரகசியம் தெரியவந்த விதம் எல்லாவற்றையும் மாற்றுங்கள். இரண்டு மூன்று பேருடைய கதைகளைக் கலவுங்கள். ஒருவர் நம்பிச் சொன்னதை அப்படியே எடுக்க வேண்டுமென்றால், எழுத முன் அவரிடம் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இலங்கையில் குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டாலும் குடியியல் வழக்குப் போட இன்றும் முடியும், ஆனால் நான் சொல்வது வழக்குக்குப் பயந்து இல்லை. அந்த அக்கா நாளைக்கும் அதே கிணற்றில்தான் தண்ணி அள்ள வேணும்.

போரில் பெண்களுக்கு நடந்த கொடுமைகளை விறுவிறுப்புக்காகத் தொடவே வேண்டாம். எழுதத்தான் வேணும் என்றால் நடந்ததைக் காட்டாமல், அதற்குப் பிறகு அவள் வாழ்ந்த வாழ்க்கையை எழுதுங்கள்.

எழுதுகிற நேரம், தட்டச்சு, வெளியீடு

மடிகணினி இல்லை என்று காத்திருக்க வேண்டாம். ஜிபோர்டில் தமிழ் போட்டுப் போனிலேயே எழுதலாம்; கூகுள் குரல் தட்டச்சுத் தமிழுக்கும் வேலை செய்யும், சமைத்துக்கொண்டே ஒரு உரையாடலைச் சொல்லிவிட்டுப் பிறகு திருத்தலாம். கூகுள் டொக்ஸில் எழுதினால் போன் உடைந்தாலும் எழுத்து இருக்கும். வீட்டில் எல்லோரும் எடுக்கிற போன் என்றால் அப்ளிகேஷனுக்குப் பூட்டுப் போடுங்கள். புனைபெயரில் எழுதுவது பிழையே இல்லை. ஒரு அத்தியாயம் ஆயிரம், ஆயிரத்து இருநூறு சொல், முப்பது அத்தியாயம் என்று வைத்தால் முதல் நாவலுக்குத் தாராளம்.

பிரதிலிபி போன்ற தளத்தில் தொடராகப் போடப்போகிறீர்கள் என்றால் பத்து அத்தியாயமாவது கையில் வைத்துக்கொண்டு முதலாவதை வெளியிடுங்கள். "இரண்டு பேரையும் சேர்த்து வையுங்கோ அக்கா" என்று கருத்து வரத் தொடங்கும், அந்த அன்பில் கதை வளைந்துபோகும். கையில் எழுதி முடித்த அத்தியாயங்கள் இருந்தால் உங்கள் வழியில் நிற்கலாம். அமேசன் கிண்டிலிலும் தமிழ் மின்னூல் போடலாம். நாவலுக்கு முன் கை பழக்க ஒரு சிறுகதை எழுதி ஜீவநதி, ஞானம் போன்ற இதழ்களுக்கு அனுப்பிப் பாருங்கள். செம்மைப்படுத்துகிற ஒரு ஆசிரியரின் கண் கிடைப்பது அங்கேதான்.

அச்சில் போடுவதானால், எங்கள் பக்கத்து அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி எழுத்துருதான். யூனிகோட்டில் இருந்து மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், ஆகவே அச்சுக்குப் போகும் முன் கடைசிப் படியை ஒவ்வொரு வரியாக நீங்களே வாசித்துக் கையெழுத்துப் போடுங்கள். ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொழும்பில் உள்ள தேசிய நூலகத்தில் பெறலாம். பதிப்புரிமைக்குத் தனியாகப் பதியத் தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதிய நேரத்தில் இருந்தே அது உங்களுடையது, உங்கள் காலத்துக்குப் பிறகும் எழுபது ஆண்டு. யாராவது ஒப்பந்தம் நீட்டினால் நாடகம், படம், ஒலிப்புத்தகம் எல்லா உரிமையும் சேர்த்து எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். புத்தகம் கைக்கு வந்ததும் 2005இல் இருந்து ஈழத்து எழுத்துகளை எண்ணிமமாகச் சேர்த்துவருகிற நூலகம் திட்டத்துக்கு ஒரு பிரதி, உங்கள் ஊர்ப் பொது நூலகத்துக்கு ஒரு பிரதி. ஊர் நூலகத்தில் கொடுக்கும்போது பெண்கள் சஞ்சிகை எடுக்கிற அடுக்கில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், கண்ணாடி அலுமாரிக்குள் போனால் ஒருவரும் எடுக்கமாட்டார்கள்.